140 கிலோ கூடுதல்

செப்டம்பர் 14, மணாலி

நசநசவென்று மழை. ஊரிலிருந்து லடாக்கின் லே நோக்கி நாலு நாள் ஓட்டத்துக்குப் பிறகு விடுதி வாசலில் வண்டியை நிறுத்தினால், சித்தப்பா அறையைப் பார்க்கப் போகவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பட்டையில வளைவே இல்லடா. பலகை மாதிரி நிக்குது."

"லோடு இருக்குல்ல சித்தப்பா."

"யூ போல்ட் இறுக்குனியா?"

"இறுக்கியாச்சு."

பொய் இல்லை. ஏழு மாதம் முன்னால், பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை ஒன்று போட்டபோது பட்டறையில் இறுக்கினார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதை நான் மறந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது என்பது இந்தக் கதையில் பின்னால் வரும்.

வண்டி பழையது. இரட்டைக் கேபின் டீசல் பிக்கப், பி.எஸ். 4 என்கிற பழைய புகை விதிக்காலத்தது. தேடித்தான் பழையதை வாங்கினேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகையை வடிகட்ட டி.பி.எஃப். என்று ஒரு உருளை இருக்கிறது. சில மாடல்களில் புகையைச் சுத்தப்படுத்த ஆட்புளூ என்கிற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும், அது மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். இந்தத் தலைவலி எல்லாம் வேண்டாம் என்று பழையதை எடுத்துவிட்டு, ஏழு மாதம் உட்கார்ந்து புதுத் தலைவலிகளை நானே பூட்டினேன். கூரைக்கூடாரம் 62 கிலோ. பின் தொட்டியில் பிளைவுட் இழுப்பறை 58 கிலோ. 40 லிட்டர் ஃபிரிட்ஜ், அதை ஓட்ட 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. தண்ணீர்த் தொட்டி. 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு (புல் பார்) மட்டும் போடவில்லை. 2017-இலிருந்து அதற்குத் தடை இருக்கிறது, வழியில் நிறுத்தினால் பேச வாய் இருக்காது.

நேற்றுச் சமவெளியில் ஒரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம், 80 ரூபாய். சீட்டை ஆர்.சி.யில் அனுமதித்த எடையோடு வைத்துப் பார்த்தால் 143 கிலோ கூடுதல். சித்தப்பா அரசுப் பேருந்துப் பணிமனையில் 31 வருஷம் இருந்தவர். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "எதையாவது எறக்கு" என்றார். யோசித்து யோசித்து நான் இறக்கியது மூன்று கிலோ பிரஷர் குக்கர். அதை எடைமேடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். அவர் ரொம்ப சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு சித்து. நம் கொழுக்கட்டைக்குப் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் வால்நட் பூரணம், ஆவியில் வேகவைத்து, மேலே நெய். தட்டு 80 ரூபாய். ஒன்று போதும். நான் மூன்று சாப்பிட்டு, சித்தப்பா பார்த்த பார்வையில் வண்டியின் எடையை அவர் திருத்திக் கணக்குப் போட்டது தெரிந்தது.

செப்டம்பர் 15, ஜிஸ்பா

அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர் 20 மீட்டர். தெற்கு வாயிலில் மழையில் நனைந்து நுழைந்தோம், வடக்கு வாயிலில் நீல வானம். மழைமேகம் மலையைத் தாண்டுவதில்லை, லாஹௌல் பக்கம் மழைமறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பத்து நிமிஷத்தில் வைப்பரை அணைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி தேடும்போதுதான் புரிந்தது.

தாண்டி என்கிற ஊரில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடுகின்றன. கூடிய ஆறுதான் கீழே போய்ச் செனாப் ஆகிறது. யாரும் ஆற்றைப் பார்க்கவில்லை, எல்லாரும் பெட்ரோல் பம்பின் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பம்ப் 365 கிலோமீட்டர் என்கிற பலகை. நானும் எடுத்தேன். 4,100 ரூபாய்க்கு டேங்க் நிரம்பியது. கேன் இரண்டும் ஊரிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தவை, மூடிகூடத் திறக்கவில்லை. அதாவது இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு 33 கிலோ டீசலை, டீசல் செலவழித்துச் சுமந்து வந்திருக்கிறேன். வழியெல்லாம் பம்ப் இருந்தது. இதைச் சித்தப்பா சொல்லிக்காட்டவில்லை. பம்ப்காரர் சொன்னார், இந்தியில், சிரித்துக்கொண்டே.

ஜிஸ்பாவில் ஆற்றோரம் கூடாரம் விரித்தோம். இங்கேயே உயரம் 3,200 மீட்டர். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூரை மேலே ஏணியில் ஏறி, பதினோரு மணிக்குச் சிறுநீருக்காக அதே ஏணியில் இறங்கி, மறுபடி ஏறி. கூரைக்கூடாரம் விற்பவர்கள் இந்த ஏணியைப் படத்தில் எப்போதும் பகலில்தான் காட்டுகிறார்கள்.

செப்டம்பர் 16, சர்ச்சு

காலையில் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, அரை டம்ளர் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், மேலே டீசல். இது ஒன்றுதான் நான் ஒழுங்காக வாரம் தவறாமல் செய்கிற பராமரிப்பு. காமன் ரெயில் எஞ்சினில் பம்பும் இன்ஜெக்டரும் டீசலாலேயே மசகிடப்படுகின்றன. அங்கே தண்ணீர் போனால் துரு, அப்புறம் செலவைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். திருகை மூடி, கைப்பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்கி, ஏர் எடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

தார்ச்சாவுக்கு மேல் இழுவை குறைய ஆரம்பித்தது. பாராலாச்சா லா கணவாய் 4,890 மீட்டர். மூன்றாவது கியரில் போக வேண்டிய ஏற்றத்தில் இரண்டாவது, அப்புறம் முதலாவது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை.

"இன்ஜெக்டர் போச்சு. திருப்பு வண்டிய."

"காத்து இல்ல சித்தப்பா, அதான். உள்ள போற டீசல் எரியக் காத்து பத்தல."

"முப்பத்தொரு வருஷம் பார்த்தவன்டா நான்."

கணவாயின் உச்சியில் நிறுத்தி மற்ற வண்டிகளைக் காட்டினேன். எல்லாமே புகைத்துக்கொண்டுதான் ஏறின. அவர் பணிமனை கடல் மட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஒன்றும் சொல்லாமல் போய் சூரஜ் தால் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "எல்லார் இன்ஜெக்டரும் ஒரே நாள்ல போகாதுதான்" என்றார்.

பின்சீட்டில் சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பியிருந்தது. டயரும் பாக்கெட் மாதிரிதான். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கிற அதே காற்றுக்கு மீட்டர் அதிகமாகக் காட்டும். மணாலியில் 38 வைத்தேன், இங்கே குளிரிலும் 41. கல்லும் பள்ளமுமான பாதைக்கு 30 போதும் என்று இறக்கினேன். வண்டி உடனே மெத்தென்று ஆனது. ஏழு மாதச் செலவில் இந்த அளவுக்குச் சுகம் கொடுத்தது எதுவும் இல்லை, இதற்குக் காசும் இல்லை.

சர்ச்சுவில் (4,290 மீட்டர்) அரிசி வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி வேகவே இல்லை. இந்த உயரத்தில் 86 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. குக்கர் இருந்தால் வெந்திருக்கும். குக்கர் பஞ்சாபில் ஒரு எடைமேடைக்காரர் வீட்டில் இருக்கிறது.

சித்தப்பா ஒரு மணி நேரம் பானையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரேடியேட்டர் மூடி எதுக்கு இருக்குன்னு நெனச்ச? அதுவும் குக்கர் வெயிட்டும் ஒரே வேலைடா. மூடி ரப்பர் சரியா இல்லேன்னா உன் எஞ்சினும் இப்படித்தான் கொதிச்சுக்கிட்டே கெடக்கும்." அரைவேக்காட்டுச் சோற்றை நாய்க்கு வைத்தோம். நாயும் யோசித்தது.

தாபா கூடாரத்தில் ராஜ்மா சாவல் 150 ரூபாய். படுக்கை 300 ரூபாய், கனத்த ரஜாய்ப் போர்வை இரண்டு. சித்தப்பா தாபாவில் படுத்துவிட்டார். நான் கௌரவத்துக்காகக் கூரைக்கு ஏறினேன். இரவு முழுக்கக் காற்று வண்டியையே ஆட்டியது.

செப்டம்பர் 17, பாங்

இந்த நாளை மெதுவாக எழுத வேண்டும்.

காலையில் தண்ணீர்த் தொட்டியின் குழாய் உறைந்து கிடந்தது. ஃபிரிட்ஜ் செத்துவிட்டது. எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், லித்தியம் பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர்கூட ஏறவில்லை. ஒயரை எல்லாம் பிரித்துப் பார்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. இந்த வகை லித்தியத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். அதனால் அதற்குள் இருக்கிற காவல் சர்க்யூட் வாசலைச் சாத்திவிடுகிறது. பேட்டரி சரியாகத்தான் இருந்தது. வாங்கியவன்தான் அட்டையைப் படிக்கவில்லை. இதில் இன்னொன்று: ராத்திரி வெளியே இருந்த குளிர் ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற குளிரைவிட அதிகம். மோரை வண்டிக்கு வெளியே வைத்திருந்தாலே போதும். 12 கிலோ பேட்டரியைக் கழற்றி, என் ஸ்வெட்டரைச் சுற்றி, குழந்தை மாதிரி முன்சீட்டுக் காலடியில் ஹீட்டர் பக்கம் வைத்தேன். சித்தப்பா வழியெல்லாம் அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டு வந்தார். மத்தியானம் ஏற்ற ஆரம்பித்தது.

எஞ்சினோடு வந்த சாதா ஈயப் பேட்டரி, குளிரிலும் ஒரே செல்ஃபில் வண்டியை எடுத்துவிட்டது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

காட்டா லூப்ஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் ஒரு வளைவோரம் ஆயிரக்கணக்கான தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன, சிகரெட்டும். பழுதாகி நின்ற லாரிக்குக் காவலாகக் கிளீனரை விட்டுவிட்டு டிரைவர் உதவி தேடிப் போனாராம், பனி பாதையை மூடிவிட்டதாம், திரும்பி வந்தபோது கிளீனர் உயிரோடு இல்லையாம். தாகத்தோடு போனவர் தண்ணீர் கேட்டு வண்டிகளை மறிப்பார் என்பது கதை. சித்தப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். முழு பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். "லைன்ல நின்ன புள்ளடா" என்றார். லைனில் வண்டி நின்று ராத்திரி முழுக்கக் காத்துக்கிடந்தவர்கள் அவர் பணிமனையிலும் இருந்திருப்பார்கள்.

நக்கீ லா தாண்டி இறக்கத்தில் ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லை. 'டங்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஸ்டீயரிங் நேராக இருக்கிறது, வண்டி கோணையாகப் போகிறது, நண்டு மாதிரி. பிரேக் பிடித்தால் பின்பக்கம் ஒதுங்குகிறது.

சித்தப்பா இறங்கி, வலது பின்சக்கரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். இடது பக்கம் நாலு விரல் இடைவெளி, வலது பக்கம் ஒன்று. "ஹவுசிங் பின்னால நகந்துடுச்சு. சென்டர் போல்ட் கட்டாயிடுச்சு."

பட்டைக்கட்டைச் சித்தப்பா சொன்ன ஹவுசிங்கோடு, அதாவது அச்சோடு, இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்கள். சென்டர் போல்ட் பட்டைகளைக் கோத்து, அச்சு உட்காரும் இடத்தைக் குறிப்பதற்குத்தான், பாரம் தாங்க அல்ல. யூ போல்ட் தளர்ந்தால் முழு இழுப்பும் அந்தச் சின்ன போல்ட்டுக்கு வந்துவிடும். சித்தப்பா ஸ்பேனரை யூ போல்ட் நட்டில் வைத்தார். ஒரு முழுச் சுற்று சும்மா சுற்றியது. என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

எங்கள் பெட்டியில் என்ன இருந்தது என்றால்: வின்ச் கயிறு, மணல் பலகை, எல்.இ.டி. விளக்குக்கு உதிரி, காபி வடிகட்டி. சென்டர் போல்ட் இல்லை.

இருபது நிமிஷத்தில் ஒரு லாரி வந்து நின்றது. நாங்கள் கை காட்டவில்லை. டிரைவர் ஒரு சர்தார்ஜி, கூட வந்தவர் பையன் வயசு. என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் சித்தப்பாவைப் பார்த்து "கியா ஹுவா அங்கிள்ஜி" என்றார். சித்தப்பாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "சென்டர் போல்ட்" என்றார். அதற்கு அப்புறம் மூன்று மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். அவர் பஞ்சாபி, இவர் தமிழ். நடுவில் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவே இல்லை.

லாரியில் சென்டர் போல்ட் இருந்தது, ஆனால் தடிமன். எங்கள் துளைக்குள் போகாது. சர்தார்ஜி வண்டியைச் சுற்றி வந்து, தொட்டியைத் திறந்து, இழுப்பறையை முடுக்கியிருந்த 10 எம்.எம். போல்ட்டைத் தட்டிக் காட்டினார். 8.8 என்று தலையில் குத்தியிருந்தது, கெட்டி இரும்பு. இழுப்பறையின் நாலு போல்ட்டில் ஒன்றைக் கழற்றினோம். நீளம் சரி. ஆனால் சென்டர் போல்ட்டின் தலை உருண்டை, அது அச்சுத் தட்டின் குழிக்குள் போய் உட்கார வேண்டும். இதன் தலை ஆறு பட்டை.

சித்தப்பா அரத்தை எடுத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்து ராவ ஆரம்பித்தார். அங்கே கிட்டத்தட்ட 4,700 மீட்டர். பத்து இழுப்பு, மூச்சு வாங்கல், பத்து இழுப்பு. நான் கேட்டால் கொடுக்கவில்லை. "நீ ராவுனா கோணையாயிடும்." லாரிப் பையன் ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டான், பாலும் சர்க்கரையும் கொட்டி. அதற்குள் நானும் சர்தார்ஜியும் சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, கல் அடுக்கி, யூ போல்ட்டைப் பிரித்து, பட்டைகளைச் சி கிளாம்ப் போட்டு நெருக்கி வைத்திருந்தோம். ராவிய போல்ட்டைப் போட்டு, அச்சைக் கடப்பாரையால் நெம்பி முன்னால் கொண்டுவந்து, தலை குழிக்குள் 'டக்' என்று உட்கார்ந்தபோது சர்தார்ஜி சித்தப்பாவின் முதுகில் ஒன்று போட்டார். சித்தப்பா விழப் பார்த்தார்.

பணம் கொடுக்கப் போனேன். சர்தார்ஜிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு டீசல் கேனாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் வண்டியையும் கூரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதை மட்டும் வாங்கிக்கொண்டார். எடை குறையட்டும் என்கிற கருணை என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது கேனை எங்கள் டேங்கிலேயே கவிழ்த்தோம்.

லாச்சுலுங் லாவை இருபது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டி, இருட்டின பிறகு பாங். மேகி 80 ரூபாய். சித்தப்பாவுக்கு மண்டை பிளக்கும் தலைவலி. தண்ணீர் குடிக்கச் சொன்னால் கேட்பதில்லை, கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே இருந்தார். கற்பூரத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன். "உன் பேட்டரிக்கு ஸ்வெட்டர் போட்டா ஏறுதுல்ல" என்றார். தாபா அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு செம்பு வெந்நீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, குடித்து முடிக்கும்வரை நின்றார். என் பேச்சைக் கேட்காதவர் மடமடவென்று குடித்தார். இரண்டு பேருமே தூங்கவில்லை. கூரைக்கூடாரம் விரிக்கப்படவில்லை.

செப்டம்பர் 18, லே

மோரே சமவெளி. 4,700 மீட்டரில் நாற்பது கிலோமீட்டருக்கு மேசை மாதிரி நிலம். தூரத்தில் கியாங் கழுதைகள். இறங்கிப் படம் எடுக்கவில்லை, யூ போல்ட் இறுக்கினேன். முதல் 50 கிலோமீட்டரில் கால் சுற்று வாங்கியது. டாங்லாங் லாவில் (5,328 மீட்டர்) மறுபடி வைத்துப் பார்த்தேன், வாங்கவில்லை. அங்கே காற்று கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நாலு நட்டை இறுக்கிவிட்டு, மாடிப்படி நூறு ஏறியவன் போல நின்றேன்.

உப்ஷியில் சிந்து நதி. பச்சையாக, சத்தமில்லாமல். சித்தப்பாவின் தலைவலி அங்கேயே விட்டுவிட்டது.

செப்டம்பர் 20, லே

நேற்று முழுக்கத் தூக்கம். இன்று ஸ்பிரிங் பட்டறை. புது சென்டர் போல்ட் இரண்டு பக்கமும், புது யூ போல்ட் நாலு, கூலியோடு 2,600 ரூபாய். ராவிய போல்ட்டைக் கழற்றிய பட்டறைக்காரர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதை ராவியது யார் என்று கேட்டார். சித்தப்பா வெளியே டீக்கடையில் இருந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

கூடாரத்தையும் இழுப்பறையையும் இறக்கி லாரி பார்சலில் ஊருக்குப் போட்டேன், 5,200 ரூபாய். சாமான்கள் இப்போது இரண்டு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கின்றன. எல்லாம் கைக்கு எட்டுகிறது. கணக்குப் போட்டேன்: கூடாரம் 62, இழுப்பறை 58, டீசல் 33. மொத்தம் 153 கிலோ குறைவு. குக்கர் போகக் கூடுதலாக இருந்தது 140. ஆர்.சி. அளவுக்கு 13 கிலோ கீழே வந்துவிட்டேன். சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வறட்டுப் பாதாமி விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 24, ஜம்மு தாண்டி

கார்கில், ஜோஜி லா, ஸ்ரீநகர் என்று இறங்கிவிட்டோம். வண்டி இறகு மாதிரி வந்தது. எழுத ஒன்றும் இல்லை.

சமவெளிக்கு வந்ததும் ஒரு எடைமேடை கண்ணில் பட்டது. 13 கிலோவைச் சீட்டில் பார்க்க ஆசை. ஏற்றினேன், 100 ரூபாய் கொடுத்தேன்.

10 கிலோ கூடுதல்.

பின்தொட்டியைத் திறந்தேன். பெட்டிகளுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், லேயில் வாங்கிய பாதாமி 8 கிலோ, காஷ்மீரில் வாங்கிய புது அறுவடை வால்நட் 15 கிலோ, இரண்டு சாக்கு.

"சித்தி கேட்டாடா" என்றார் சித்தப்பா. "அக்கா வீட்டுக்கும் கொடுக்கணும்ல. நீ பட்டைய பாத்தியா? வளைவு நல்லா இருக்கு. ஏறு, போலாம்."